இருநூற்றுப் பத்தாம் அடி

பத்தடிக்கு ஒரு குவியல்.
நீலத் தார்ப்பாயில் வரிசையாக வைத்துக்கொண்டே போவான் புத்ராம்,
நான் நோட்டில் எழுதுவேன்.
தேவகோட்டை ரஸ்தாவுக்கு வடக்கே
கருவேலும் கொழுஞ்சியும் தவிர எதுவும் நிற்காத பொட்டல்.
தேனம்மைக்கு இங்கே பெண்கள் விடுதி கட்ட வேண்டும்.
அறுபது கட்டில், அறுபது வாளி.

முதல் பத்து: செம்புரான்.
மழையும் வெயிலும் முறைவைத்துக் கழுவியதில்
கரைவதெல்லாம் கரைந்துபோய்
இரும்பு மட்டும் பிடிவாதமாக மிஞ்சிய மண்.
'துருப்பிடித்த பூமி' என்று எழுதினேன்.
அடித்துவிட்டு 'செம்புரான்' என்று எழுதினேன்.

இருபது, முப்பது: மஞ்சள்.
நாற்பதில் வெள்ளைக் களி,
வெண்ணெய் மாதிரி வழுக்கி
பிட்டில் அப்பிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது.
அதனிடம் அரை நாள் போனது.

டீ குடிக்கையில் தேனம்மை கேட்டார்,
"தண்ணி எந்தப் பக்கமிருந்து வரும்?"
மேற்கேயிருந்து, என்றேன்.
பிரான்மலைப் பக்கம் விழுகிற மழை.
சாய்வு அப்படி: இந்தப் பொட்டலில் ஒரு கோலிக்குண்டை வைத்தால்,
யாரும் எடுத்துப் பைக்குள் போடாவிட்டால்,
என்றைக்காவது தொண்டிக்குப் போய்ச் சேரும்.
நிலத்துக்கு அவசரமில்லை.
கண்மாய் கண்மாயாய் உட்கார்ந்து எழுந்துதான் இறங்கும்,
ஒன்றின் மறுகால் அடுத்ததின் வரத்தாக.
ஆறு என்பது வரைபடத்தில் நீலக்கோடு;
நேரில் மணல், மணல்மேல் லாரித் தடம்.
"கோலிக்குண்டு சரி," என்றார். "தண்ணி?"

நூற்றுப் பத்து: கூழாங்கல்.
உருண்டிருக்கிறதென்றால் ஓர் ஆறு உருட்டியிருக்கிறது.
எந்த ஆறு என்று எழுத இடமில்லை,
நோட்டில் நான்கே கட்டங்கள்:
அடி, நிறம், மண், கூலி.

நூற்றைம்பதில் சாம்பல் களி.
புத்ராம் மூக்கைப் பொத்தினான்.
பஸ்தர்க் காட்டுக்காரன்,
எட்டு மாவட்டத்தில் குழிபோட்டும் கடல் பார்க்காதவன்.
அந்த நாற்றம் எனக்குத் தெரியும்.
முத்துப்பேட்டை அலையாத்தி வேர்களுக்கு நடுவே
ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில்
என் புதுச்செருப்பை விழுங்கிய சேறு.

இருநூற்றுப் பத்து.
சல்லடையில் ஏதோ கிலுகிலுத்தது.
கழுவினான். உள்ளங்கையில் சிப்பி,
நகத்தளவு, வரிவரியாய், ஓரம் உடைந்து.
இன்னொன்று. பிறகு கை நிறைய.
நாக்கில் வைத்தான், காறித் துப்பினான், சிரித்தான்.
"சமுந்தர்?"
தலையாட்டினேன்.
"எவ்ளோ தூரம்?"
கைப்பழக்கத்தில் கிழக்கே நீட்டினேன்,
தொண்டி, ஐம்பது கிலோமீட்டர்.
அவன் துளையைக் காட்டினான்.
எழுபது கஜம்.

பரீட்சைக்கு ஐந்து திணையையும்
படுக்கைவாட்டில் கட்டம் போட்டு மனப்பாடம் செய்தவன் நான்.
இங்கே ஒன்றின் தலையில் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது.
மேலே பாலை, வெயிலும் முள்ளுமாய்.
இடையில் பெயரில்லாத ஆற்றின் மருதம்.
அடியில் நெய்தல்,
இரங்குவதற்கு ஆளில்லாமல்.

தேனம்மை ஒரு சிப்பியை வெயிலில் தூக்கிப் பார்த்தார்.
"எங்க ஆளுக, கடல் கொண்டுபோயிருமுன்னு
பூம்புகார்லேருந்து ஓடி வந்தாகன்னு சொல்லுவாக.
அந்தப் பயத்துலதான் வீட்டையெல்லாம்
ஆளுயர மேடைமேல கட்டுனாகளாம்."
கொஞ்ச நேரம் கம்ப்ரசர் மட்டும் பேசியது.
"ஓடி வந்து, அது மேலயே உக்காந்திருக்கோம்."
அப்புறம், அதே குரலில்:
"உப்பாப் போச்சுன்னா கூலி குறைப்பீகளா?"

குறைக்க முடியாது.
கடலுக்கும் அடிக்கு நூற்றிருபதுதான்.

கடலுக்குக் கீழே சில சமயம் நல்ல தண்ணீர் கிடக்கும்,
கடல் ஏறி வருமுன் ஓடிய ஏதோ ஓர் ஆற்றுடையது.
சில சமயம்தான், என்றேன்.
போடுங்க, என்றார்.

புத்ராம் அடுத்த ராடை மாட்டினான்.
அவன் சட்டைப்பை ஒரு பக்கம் தொங்கியது. நான் கேட்கவில்லை.
'இருநூற்று இருபது' என்று எழுதிவிட்டு
நிறத்தைக் காலியாக விட்டேன்.
சேறு மேலே வர நாலு நிமிஷம் ஆகும்.